ஓடாத டயரின் வயது

2012 செப்டம்பர் 10ஆம் தேதி இரவு. இங்கிலாந்தின் வைட் தீவில் பெஸ்டிவல் என்ற இசை விழா முடிந்து, இளைஞர்கள் நிறைந்த ஒரு பேருந்து லிவர்பூல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. சர்ரே மாவட்டத்தில் ஹைண்ட்ஹெட் அருகே ஏ3 நெடுஞ்சாலையில் அதன் முன்சக்கர டயர் ஒன்று வெடித்தது. சாலையை விட்டு விலகிய பேருந்து மரத்தில் மோதியது. ஓட்டுநரும் பயணிகள் இருவரும் இறந்துபோனார்கள். டயரை ஆராய்ந்தபோது அதன் பட்டன், அதாவது தரையைத் தொடும் மேடுபள்ள வரிகள், தேய்ந்திருக்கவில்லை. சட்டம் கேட்கும் ஆழம் அதில் இருந்தது. வயது மட்டும் பத்தொன்பதரை. இறந்த பயணிகளில் ஒருவருக்கு 18 வயதுதான். அவர் பிறப்பதற்கு முன்பே வார்த்தெடுக்கப்பட்ட டயர் அது.

அப்படியொரு டயரை மாட்டி ஓட்டுவது அன்று பிரிட்டனில் குற்றமாக இருக்கவில்லை. மகனை இழந்த ஒரு தாய் ஆண்டுக்கணக்காக விடாமல் போராடினார். 2021 பிப்ரவரி 1 முதல் லாரி, பேருந்துகளின் முன் அச்சிலும் மினி பஸ்களின் ஒற்றைச் சக்கரங்களிலும் பத்து ஆண்டுகளைக் கடந்த டயர்களை மாட்டக் கூடாது என்று அங்கே சட்டம் வந்தது. கார்கள் அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. இந்தியாவின் மோட்டார் வாகன விதிகள் காரின் டயரில் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் பட்டன் இருக்க வேண்டும் என்கின்றன. வயதை அவை கேட்பதில்லை.

நாமும் கேட்பதில்லை. டயர் மாற்ற வேண்டுமா என்ற கேள்வி எழுந்தால் பஞ்சர் கடைக்காரர், மெக்கானிக், பக்கத்து வீட்டுக்காரர் என எல்லோருமே குனிந்து பார்ப்பது பட்டனைத்தான். வாடகை டாக்ஸிக்கு அந்தச் சோதனை போதும். மாதம் நாலாயிரம், ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடுகிற வண்டியில் டயர் கிழடாவதற்கு முன்பே மொட்டையாகிவிடும். வீட்டுக் காரின் கதை வேறு. அலுவலகத்துக்கு மெட்ரோ, கடைக்கு ஸ்கூட்டர், காரை எடுப்பது கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் என்று இருக்கும் குடும்பங்களில் ஆண்டுக்கு ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடினால் அதிகம். அந்தக் கணக்கில் நாற்பதாயிரம் கிலோமீட்டர் தாங்கும் டயர் தேய எட்டு ஆண்டுகள் ஆகும். அந்த எட்டு ஆண்டும் ரப்பர் சும்மா இருப்பதில்லை. குறைவாக ஓடிய டயரைத்தான் அதிகமாகச் சந்தேகிக்க வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தில் நான் சொல்லவருவது.

பழைய பத்திரக் கட்டைப் பிரித்தவர்களுக்கு இதன் வேதியியல் கைப்பழக்கமாகவே தெரிந்திருக்கும். மேலே சுற்றியிருந்த ரப்பர் பேண்ட் காகிதத்தோடு ஒட்டிக் கிடக்கும். இழுத்தால் நீளாது, துண்டு துண்டாக உதிரும். அதை யாரும் உபயோகிக்கவில்லை, வெயிலில் போடவில்லை. பீரோவுக்குள் இருட்டில் கிடந்தது, அவ்வளவுதான். அதைக் கெடுத்தது பீரோவுக்குள் இருந்த காற்று.

ரப்பர் என்பது ஐசோப்ரீன் என்ற சிறிய மூலக்கூறு ஆயிரக்கணக்கில் கைகோத்து நிற்கும் நீளச் சங்கிலி. மரத்திலிருந்து இறக்கிய பாலை அப்படியே உறையவைத்தால் இந்தச் சங்கிலிகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் 1839இல் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கியபோது கந்தக அணுக்கள் சங்கிலிக்கும் சங்கிலிக்கும் நடுவே முடிச்சு போட்டன. கயிற்றுக் கட்டிலின் பின்னலைப் போன்றது இது. முடிச்சு குறைந்தால் கட்டில் தொட்டிலாகத் தொங்கும். முடிச்சு ஏற ஏற விறைத்துப்போய் உடம்புக்கு வளைந்து கொடுக்காது. டயர் ஆலையில் முடிச்சுகள் எண்ணிப் போட்டதுபோல அளவோடு போடப்படுகின்றன. ஆலையை விட்டு வெளியே வந்த பிறகும் முடிச்சு விழுவது நிற்பதில்லை என்பதுதான் பிரச்சினை.

ரப்பர் சங்கிலியில் கார்பன் அணுக்கள் இரட்டைப் பிணைப்போடு நிற்கும் இடங்கள் ஏராளம். குட்இயரின் கந்தகம் அவற்றில் சிலவற்றைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. மிச்சமிருக்கும் இடங்களின் அருகே காற்றின் ஆக்சிஜன் வந்து உட்காருகிறது. சில இடங்களில் சங்கிலியை அறுக்கிறது, சில இடங்களில் புதிய முடிச்சு போடுகிறது. ரப்பர் பேண்டில் முதலில் அறுப்பது முந்துவதால் அது பிசுபிசுக்கிறது. டயரில் முடிச்சு முந்துவதால் ரப்பர் கடினமாகிறது. முன்பு நாலு மடங்கு, ஐந்து மடங்கு நீண்டு கொடுத்த ரப்பர் கொஞ்சம் இழுத்ததுமே கிழியும் நிலைக்கு வருகிறது. பார்க்க அதே கறுப்பு, அதே பட்டன். வெப்பம் ஏறினால் இந்த வினை வேகமெடுக்கும். பத்து டிகிரி செல்சியஸ் ஏறினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது வேதியியலாளர்களின் கைக்கணக்கு.

ஆக்சிஜன் மெதுவாக உள்ளே ஊறும். ஓசோன் அப்படியல்ல, மேற்பரப்பிலேயே வேலையை முடித்துவிடும். தரைமட்டக் காற்றில் அது நூறு கோடிக்குச் சில பத்துப் பங்குதான் இருக்கிறது. ஆனாலும் இழுபட்டு நிற்கும் ரப்பரைக் கண்டால் இரட்டைப் பிணைப்பை நேரடியாக வெட்டும். டயரின் பக்கச்சுவர் எப்போதும் இழுவிசையில் இருப்பதால் முதல் வெடிப்புகள் அங்கேதான் தோன்றும். வெயிலில் நின்ற காரின் பக்கச்சுவரைக் கட்டைவிரலால் அழுத்தி, டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். சும்மா பார்க்கும்போது மழமழவென்று இருந்த இடத்தில் மயிரிழை போன்ற கோடுகள் வாய் திறக்கும்.

இதைத் தடுக்க டயர்க்காரர்கள் ரப்பருக்குள் இரண்டு பொருள்களைக் கலக்கிறார்கள். ஒன்று மெழுகு. அது மெல்ல மேலே கசிந்து ஒரு படலமாகப் படர்கிறது. மற்றது 6பிபிடி என்ற வேதிப்பொருள். ஓசோன் ரப்பரைத் தொடுவதற்கு முன் இது குறுக்கே விழுந்து தன்னையே கொடுத்துவிடுகிறது. சில டயர்களின் பக்கச்சுவரில் படரும் செம்பழுப்பு நிறம் அழுக்கென்று நினைத்துத் தேய்த்துக் கழுவுகிறோம். அந்தக் காவல் பொருள் மேலே வந்து செலவான அடையாளம் அது. சக்கரம் சுழன்று ரப்பர் நசுங்கி நசுங்கி விரியும்போது இந்தக் காவல் பொருள்கள் மேற்பரப்புக்குத் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் அந்த வரத்து குறைந்துவிடுகிறது. ஓடாத டயர் சீக்கிரம் வெடிப்பு விடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த 6பிபிடியைப் பற்றி இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும். ஓசோனோடு வினைபுரிந்து அது மாறும் பொருளில் ஒன்று, தேய்ந்த டயர் தூசியோடு மழைநீரில் கலந்து, அமெரிக்காவின் சியாட்டில் பகுதி ஓடைகளுக்கு முட்டையிட வரும் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்வதாக 2020 டிசம்பரில் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அந்த மீன்கள் ஏன் சாகின்றன என்பது அதுவரை புரியாத புதிராக இருந்தது. மாற்றுப்பொருள் தேடும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. இப்போதைக்கு உலகின் டயர்கள் அதை நம்பித்தான் இருக்கின்றன.

பக்கச்சுவரின் வெடிப்பு கண்ணுக்குத் தெரிந்துவிடும். உயிரைக் கொல்லும் வெடிப்பு பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. அதைப் புரிந்துகொள்ள டயரைக் குறுக்கே வெட்டிப் பார்க்க வேண்டும்.

இன்றைய ரேடியல் டயரில் பட்டனுக்கு அடியில் எஃகுக் கம்பிகளாலான இரண்டு பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாக, எதிரெதிர் சாய்வில் படுத்திருக்கும். எஃகு ரப்பரோடு ஒட்டாது. அதனால் கம்பிக்குப் பித்தளை முலாம் பூசுகிறார்கள். பித்தளையிலுள்ள செம்பு ரப்பரிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து பிடித்துக்கொள்ளும். ஆனால் பட்டையை அளவுக்கு வெட்டும்போது கம்பியின் நுனி வெறும் எஃகாக நிற்கிறது. அங்கே முலாம் இல்லை, ஒட்டுதலும் இல்லை. இரண்டு பட்டைகளின் விளிம்பிலும் இப்படி ஆயிரக்கணக்கான நுனிகள். சக்கரம் ஒவ்வொரு முறை தரையைத் தொடும்போதும் மேல்பட்டை ஒரு பக்கமும் கீழ்ப்பட்டை மறுபக்கமும் நழுவப் பார்ப்பது இந்த விளிம்பில்தான் அதிகம். டயரில் சூடு ஏறுவதும் இங்கேதான் அதிகம். இவ்வளவையும் தாங்கி இரண்டையும் பிடித்து வைத்திருப்பது நடுவிலுள்ள ஒரு மெல்லிய ரப்பர் அடுக்கு.

அந்த அடுக்கைத் தேடி ஆக்சிஜன் வருவது வெளியிலிருந்து அல்ல, டயருக்குள் நாம் அடைத்த காற்றிலிருந்து. 32 பிஎஸ்ஐ காற்று அடைத்த டயருக்குள் ஆக்சிஜனின் அழுத்தம் வெளியே இருப்பதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். ட்யூப்லெஸ் டயரின் உட்புறம் ஹாலோபியூட்டைல் என்ற காற்றை எளிதில் விடாத ரப்பரால் பூசப்பட்டிருக்கும். எளிதில் விடாது என்றால் விடவே விடாது என்று ஆகாது. மாதாமாதம் காற்று கொஞ்சம் இறங்குகிறதே, அது எங்கே போகிறது? டயரின் உடலுக்குள் ஊறித்தான் வெளியேறுகிறது. போகிற வழியில் ஆக்சிஜன் பட்டை விளிம்பின் ரப்பரைக் கடினமாக்கிவிட்டுப் போகிறது. கம்பி நுனியில் இருந்த நுண்ணிய இடைவெளி வெடிப்பாகிறது. பக்கத்து நுனியின் வெடிப்போடு அது சேர்கிறது. சேர்ந்த வெடிப்பு இரண்டு பட்டைகளுக்கு நடுவே உள்நோக்கி நடக்கிறது. ஒரு நாள் நெடுஞ்சாலையில் மேல்பட்டையும் பட்டனும் தோலுரிந்ததுபோல மொத்தமாகக் கழன்று பறக்கின்றன. வெப்பமான மாதங்களில் சாலையோரம் கிடக்கும் கறுப்புப் பட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். பல லாரி டயரின் ரீட்ரெட் ரப்பராக இருக்கும். கார் டயரின் பட்டையும் அவற்றுக்கு நடுவே கிடக்கும்.

2000 ஆகஸ்ட் 9 அன்று ஃபயர்ஸ்டோன் நிறுவனம் அமெரிக்காவில் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்ததற்குக் காரணம் இந்தப் பட்டைக் கழற்சிதான். பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் மாட்டியிருந்த அந்த டயர்களால் 271 பேர் இறந்ததாக அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆணையம் கணக்கிட்டது. டயரின் வடிவமைப்பில் குறை இருந்தது. ஆனால் விபத்துகள் அரிசோனா, டெக்சாஸ், புளோரிடா போன்ற வெப்ப மாநிலங்களில் குவிந்ததும், புது டயரில் அல்லாமல் சில ஆண்டுகள் ஓடியவற்றில் நேர்ந்ததும், முதுமையைப் பற்றி யோசிக்க ஆணையத்தைத் தூண்டின. அவர்கள் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகருக்குப் போய், ஓடிக்கொண்டிருந்த கார்களிலிருந்து டயர்களைச் சேகரித்து, வெட்டி, பட்டைகளுக்கு நடுவே இருந்த ரப்பரை இழுத்துப் பார்த்தார்கள். ஆண்டு ஏற ஏற அந்த ரப்பர் நீளும் திறனையும் ஒட்டுப்பலத்தையும் இழந்துகொண்டே வந்தது. கேட்கவே சங்கடமான செய்தி ஒன்றும் அதில் இருந்தது. டிக்கியில் காற்றடைத்துக் கிடந்த, சாலையைத் தொடாத முழு அளவு ஸ்டெப்னிகளும் முதுமை அடைந்திருந்தன.

அந்த ஆணையம் 2007இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கு இருக்கிறது. அதன் வாடிக்கையாளர்களில் 27 சதவீதம் பேர்தான் ஐந்து வெப்ப மாநிலங்களில் இருந்தார்கள். டயர் தொடர்பான இழப்பீட்டுக் கோரிக்கைகளில் 77 சதவீதம் அங்கிருந்து வந்தது. அவற்றில் 84 சதவீத டயர்கள் ஆறு வயதைக் கடந்தவை.

இந்த எண்களைத் தமிழ்நாட்டில் உட்கார்ந்து படிக்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஃபீனிக்ஸில் கோடை கொடுமையானது, ஆனால் குளிர்காலம் என்று ஒன்று உண்டு. சென்னையின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஃபீனிக்ஸைவிடக் கூடுதல். வேலூரும் கரூரும் கத்திரி வெயிலில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டுகின்றன. நம் டயருக்கு மார்கழியில்கூடப் பெரிய ஓய்வு கிடையாது.

இதோடு நம் கார் ஓடும் விதத்தையும் சேர்த்துப் பாருங்கள். பத்து மாதம் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் நின்ற கார் பொங்கலுக்குச் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குக் கிளம்புகிறது. உள்ளே ஐந்து பேர், டிக்கி நிறைய பெட்டி, ஊரிலிருந்து திரும்பும்போது அரிசி மூட்டையும் தேங்காயும். நின்ற காலத்தில் இறங்கிப்போன காற்றைச் சரிபார்க்க மறந்தால் பக்கச்சுவர் கூடுதலாக மடிந்து விரியும், அதில் சூடு ஏறும். நான்கு வழிச்சாலையில் மணிக்கு நூறு கிலோமீட்டரில் ஒரு சிறிய காரின் சக்கரம் நொடிக்குப் பதினான்கு முறை சுழல்கிறது. அறுநூறு கிலோமீட்டருக்கு மூன்று லட்சம் சுற்று. பாரம், வெப்பம், வேகம், குறைந்த காற்று, வயது ஆகிய ஐந்தும் ஒரே பகலில் கூடுகின்றன. ஊருக்குள் முப்பதில் ஓடியபோது அந்த டயர் எந்தக் குறையும் காட்டியிருக்காது.

நடிகர் பால் வாக்கர் 2013இல் இறந்த விபத்தில் அவர் இருந்தது அதிகம் ஓடாத ஒரு போர்ஷே கார். அதன் டயர்களுக்கு ஒன்பது வயது. விபத்துக்குக் காரணம் வேகம் என்றே விசாரணை சொன்னது. டயரின் வயது காரின் பிடிமானத்தைப் பாதித்திருக்கக்கூடும் என்பதையும் அது குறிப்பிட்டது. கடினமான ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் இறங்காது. மழையில் பிரேக் அடிக்கும்போது அது நன்றாகத் தெரியும்.

உங்கள் டயரின் வயதை அறிய யாரையும் கேட்க வேண்டியதில்லை. பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசியில், ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரம், அதாவது ஜூன் தொடக்கம். வார்ப்பு அச்சில் இந்த இலக்கத் தகடு மட்டும் வாராவாரம் மாற்றப்படுவதால், சுற்றி ஒரு மெல்லிய விளிம்புக் கோட்டை விரல் நுனியால் உணரலாம். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000க்கு முந்தைய டயர், அப்போதே இறக்கிவிடுங்கள். பல டயர்களில் இந்த நாலு இலக்கம் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும். அந்தப் பக்கம் உள்நோக்கி மாட்டப்பட்டிருந்தால் காருக்கு அடியில் தலையை விட்டு, போன் வெளிச்சத்தில்தான் தேட வேண்டும். ஸ்டெப்னியிலும் தேடுங்கள்.

எத்தனை வயதில் மாற்றுவது? இங்கே நிறுவனங்களே ஒருமித்துப் பேசுவதில்லை. கார் தயாரிக்கும் ஃபோர்டு, நிசான் போன்றவை ஆறு ஆண்டு என்கின்றன. மிஷ்லின், ஐந்து ஆண்டுக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதித்து, பத்து ஆண்டில் கட்டாயம் மாற்றச் சொல்கிறது. ஜப்பான் டயர் சங்கமும் ஏறக்குறைய அதையே சொல்கிறது. இப்படி வேறுபடுவதற்குக் காரணம் உண்டு. குளிர்ந்த ஊரில், சரியான காற்றோடு, நிழலில் நிற்கும் டயரும் மதுரை வெயிலில் நிற்கும் டயரும் ஒரே வேகத்தில் முதுமை அடைவதில்லை. நம் வெப்பத்தையும் பண்டிகைக்கால நெடும்பயணத்தையும் வைத்துப் பார்த்தால் ஆறு என்ற கணக்கே எனக்குச் சரியாகப் படுகிறது. ஊருக்குள் மட்டும் மெதுவாக ஓடும் கார் என்றால், நல்ல டயர் கடையில் கழற்றி உள்ளும் புறமும் பார்க்கச் சொல்லி ஓரிரு ஆண்டு தள்ளலாம். பத்துக்கு மேல் எந்தச் சமாதானமும் செல்லாது. அதற்கு முன்பே பக்கச்சுவர் எங்கேயாவது வீங்கினாலோ, காற்று சரியாக இருந்தும் ஒரே சீராகத் தட்டுவதுபோல அதிர்வு வந்தாலோ, பட்டன் ஓரிடத்தில் மட்டும் மேடு தட்டினாலோ அன்றைக்கே இறக்கிவிட வேண்டும். பட்டை உள்ளே கழலத் தொடங்கியதன் அறிகுறிகள் இவை.

கடையில் புது டயர் வாங்கும்போது தேதி ஓராண்டு பழையதாக இருந்தால் பயப்பட வேண்டாம். காற்றடைக்காமல், பாரம் ஏற்றாமல், நிழலில் வைத்த டயர் மெதுவாகவே மாறும். இரண்டு ஆண்டுக்கு மேல் என்றால் வேறு கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. நைட்ரஜன் அடைப்பதால் உட்புற ஆக்சிஜன் குறைகிறது என்பது வேதியியல்படி உண்மை. ஆனால் மாதம் ஒருமுறை அழுத்தம் பார்ப்பதன் பலனோடு ஒப்பிட்டால் அது சிறியது.

டயர் கடையில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "சார், ஸ்டெப்னி அப்படியே புதுசா இருக்கு. அதை இறக்கிப் போட்டுக்கலாம், மூணு வாங்கினாப் போதும்." நல்ல மனதோடு, நம் பணத்தை மிச்சப்படுத்தத்தான் சொல்வார். கார் வாங்கிய நாளிலிருந்து டிக்கி வெக்கையில் அழுத்தத்தோடு கிடந்த அந்த டயருக்கும் இறக்கப்படும் மற்ற நான்குக்கும் வயது ஒன்றே. ஃபீனிக்ஸ் ஸ்டெப்னிகளை வெட்டிப் பார்த்தவர்கள் கண்டது இதைத்தான். ஸ்டெப்னி பஞ்சரான நேரத்தில் மெதுவாக அடுத்த கடைவரை போவதற்கு மட்டும் இருக்கட்டும். நான்காகவே வாங்குங்கள். இரண்டுக்குத்தான் பணம் இருக்கிறதென்றால் அந்தப் புதிய இரண்டையும் பின்சக்கரங்களில் மாட்டச் சொல்லுங்கள். ஈரச்சாலையில் பின்புறம் வழுக்கினால் சாதாரண ஓட்டுநரால் வண்டியைத் திருப்பிப் பிடிக்க முடியாது.

இறக்கிய டயரைக் கடைக்காரர் சில நூறு ரூபாய் கழித்துக்கொண்டு எடுத்துக்கொள்வார். பட்டன் நன்றாக இருப்பதால் அது கறுப்பு பாலிஷ் பூசப்பட்டு செகண்ட் ஹேண்ட் டயராகி, புது டயர் வாங்க முடியாத ஒருவரின் வண்டியில் ஏறும். அந்த நாலு இலக்கத்தை அவருக்கு யாரும் படித்துக் காட்டப்போவதில்லை. கழித்த பணம் போனாலும் பரவாயில்லை என்று சொல்லி, உங்கள் கண் முன்னாலேயே பக்கச்சுவரைக் கத்தியால் வெட்டித் தரச் சொல்லுங்கள். வெட்டிய டயர் மறுசுழற்சிக்குத்தான் போக முடியும்.